மீனு கேக்குதா கண்ணு, ரீலு எந்தக் கம்பெனின்னு?

பழசு வேணும், பழசு வேணும்னு ஊரெல்லாம் தேடி ஒரு ரீல வாங்கறே. வாங்கிக் கொண்டாந்த மறுநாளே அதப் புதுசாக்க ஆளத் தேடறே. ஏங்கண்ணு, புதுசுதான் வேணும்னா கடையில புதுசாவே வாங்கியிருக்கலாமே? பழசுதான் வேணும்னா பழசாவே உட்டிருக்கலாமே? ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு காசும் செலவு பண்றது எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு?

கோவிச்சுக்காதே சாமி. கொல்லிமலை அடிவாரத்துல, காரவள்ளி டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, எழுவது கொண்டை ஊசி வளைவு ஏறப் போறவங்கள வேடிக்கை பாக்கறதுதான் இந்த வயசுல எனக்குப் பொழப்பு. எத்தனையோ தினுசப் பாத்தாச்சு. புல்லட்டுக்குச் சைலென்சர மாத்தி ஊரக் கூட்டறவன் ஒரு தினுசு. பத்தாவது வளைவுலயே வாந்தியெடுத்துப்போட்டு, கொல்லிமலைய ஜெயிச்சேன்னு போட்டோ போடறவன் ஒரு தினுசு. இப்ப புதுசா ஒரு தினுசு கெளம்பியிருக்குது. தோள்ல நீட்டமா ஒரு பை. பைக்குள்ள தூண்டில் ராடு. தனியா ஒரு டப்பாவுல, மெத்துமெத்துன்னு துணி சுத்துன ரீலு. கட்டுனவ பொறந்தநாள் மறந்தாலும் மறப்பான், அந்த ரீலோட சீரியல் நெம்பரு மறக்காது.

"மிச்செல் 300 தாத்தா" ங்கறான் ஒருத்தன். "கார்டினல் 33" ங்கறான் இன்னொருத்தன். "பென் 704, ஒரிஜினல் பச்சைக் கலரு" ங்கறான் மூணாமவன். வித்தவன் சொன்ன கதையும் கூடவே வருது. எல்லாருக்கும் ஒரே கததான். ஊட்டியில எஸ்டேட் தொரை உட்டுட்டுப் போன ரீலாமா. அத்தன ரீல உட்டுட்டுப் போயிருந்தா அந்தத் தொரை தேயிலைத் தோட்டத்த எப்பக் கண்ணு பாத்தான்?

இந்தக் கெழவனுக்கு ரீலப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்கறியா? நான் நாமக்கல்லுல லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டிங் புடிச்சு, லேத்து ஓட்டி, முடி நரைச்சவன். பல்சக்கரம்னா எனக்குப் பல்சக்கரந்தான், அது லாரியில இருந்தா என்ன, உன்ற ரீலுக்குள்ள இருந்தா என்ன? மிச்சத்த என்ற பேரன் போன்ல படிச்சுக் காட்டுனான். கண்ணு மங்கலு, காது சுத்தம்.

மொதல்ல ஒன்னு தெரிஞ்சுக்கோ. நீ துணியில சுத்திக் கும்புடற ரீலெல்லாம் ராசா ஊட்டுல பொறந்ததில்ல. பட்டறையில பொறந்தது.

1884-ல ஸ்காட்லாந்து நாட்டுல பெர்த்துங்கற ஊருல மல்லாக்குனு ஒருத்தரு ஒரு ரீலு செஞ்சாரு. வீசறப்ப, நரம்பு சுத்தியிருக்கற ஸ்பூலப் பக்கவாட்டுல திருப்பிக்கோணும், சுத்தறப்ப மறுபடியும் நேரா வெச்சுக்கோணும். நல்ல ரோசனதான். ஆனா நரம்பு முறுக்கேறிப் போகும். அப்பறம் 1905-ல இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுங்கற ஊருக்காரரு, ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த்து, வேற மாதிரி ஒன்னு செஞ்சு பேட்டண்ட் வாங்குனாரு. ஸ்பூல் அசையாம நிக்கும். நரம்பு மாத்தரம் அதோட தலைப்பக்கமா உருவிக்கிட்டுப் போகும். அவரு யாரு? மீன்காரரா? இல்ல, நூல் ஆலைக்காரரு. ஆலையில நூல் உருவி வர்றதப் பாத்துத்தான் இந்த ரோசன வந்துச்சுன்னு சொல்லுவாங்க.

திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டற எவனக் கேட்டாலும் இதச் சொல்லியிருப்பான். நாடாக்குள்ள தார் சுத்தாம நிக்குது, ஊடை நூல் மாத்தரம் உருவிக்கிட்டு வருதில்ல? அதேதான். நம்மாளு அதப் பாத்துக்கிட்டே வேட்டி நெஞ்சான். அவரு அதப் பாத்து ரீலு செஞ்சாரு.

அப்பறம் வந்தவங்களும் இதே ரகந்தான். உன்ற மிச்செல் ரீலு, பிரான்சு நாட்டுல கிளூஸ்னு ஒரு மலையடிவார ஊருல, கார்பானோ அண்ட் பான்ஸ்ங்கற பட்டறையில செஞ்சது. அந்த ஊரே கடிகார பாகம் செய்யற ஊரு. கார்டினல் செஞ்ச ஸ்வீடன் நாட்டு ஆபு கம்பெனி 1921-ல ஆரம்பிச்சப்ப செஞ்சது கடிகாரம். அப்பறம் டாக்சிக்கு மீட்டரு. அதுக்கும் பொறவுதான் ரீலு. ஜப்பான்ல ஷிமானோ, அதே 1921-ல சைக்கிளு ஃப்ரீவீல் செய்ய ஆரம்பிச்சவன். மீன் பக்கம் திரும்புனது 1970-ல. பாத்தியா? நூல்காரன், கடிகாரக்காரன், சைக்கிள்காரன். இவங்கள்ல எவனும் ரீல அலமாரியில வெச்சுப் பூப்போடுன்னு சொல்லலே. சுத்துனாச் சுத்தோணும், தேஞ்சா மாத்தோணும். அவங்க வேதம் அம்புட்டுத்தான்.

நீ அதத் தாண்டி என்ன பண்றே? மொதல் வேலையா பேரிங் மாத்தறே.

அஞ்சு பேரிங் பத்தாது, எட்டு வேணும். எட்டு பத்தாது, செராமிக்குல வேணும். எதுக்குக் கண்ணுன்னா, "தூரமாப் போகும் தாத்தா" ங்கறே. சித்த நில்லு. எது தூரமாப் போகும்? வீசறப்ப உன்ற ரீலுல எது சுத்துது? கையில எடுத்துப் பாரு. ஸ்பூல் சுத்துதா? ஸ்பூலச் சுத்தி வந்து நரம்ப ஏத்தற ரோட்டர் சுத்துதா? ஹேண்டிலாச்சும் சுத்துதா? ஒரு மண்ணும் சுத்தலே! அதுக்காகத்தானே அந்த நூல் ஆலைக்காரரு ஸ்பூல நிக்க வெச்சாரு? நிக்கற ஸ்பூலுக்கு செராமிக் பேரிங் போட்டா அது இன்னும் வேகமா நிக்குமா?

ஸ்பூல் குறுக்காப் படுத்துக்கிட்டு, வீசறப்பவே கிர்ருன்னு சுத்தற ரீலு ஒன்னு இருக்குது. பெய்ட்காஸ்டர்னு சொல்லுவீங்க. அதுக்கு நல்ல பேரிங் போட்டா நாலு அடி கூடப் போகும், ஒத்துக்கறேன். அந்த ரீலு வெச்சிருக்கறவன் பேசற பேச்சக் கேட்டுட்டு வந்து நீ உன்ற ரீலுக்குச் செலவு பண்றே. பக்கத்து ஊட்டுக்காரன் மூட்டு வலிக்கு நீ தைலம் தேய்க்கறே.

உன்ற ரீலுல தூரத்தக் கொறைக்கறது என்னன்னு கேளு. நரம்பு, ஸ்பூலோட விளிம்புல ஒரசிக்கிட்டுப் போகுது. ஸ்பூல்ல நரம்பு கம்மியா இருந்தா ஒரசல் ஜாஸ்தி. விளிம்புக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீழ வரைக்கும் நரம்ப நிறைச்சு உடு. அதுக்கு மேல போனாச் சுருள் சுருளாக் கொட்டிச் சிக்கல் உழுவும். விளிம்புல கீறல் இருக்குதான்னு வெரல வெச்சுத் தடவிப் பாரு. இருந்தா நயமான உப்புத்தாள்ல தேய்ச்சு உடு. செலவு எவ்வளவு? ஒரு டீக்காசு. ஆனா டீக்காசுல முடியற வேலையப் போட்டோ புடிச்சுப் போட முடியாதே, அதுதானே உனக்குச் சங்கடம்?

பேரிங் போட்டே ஆகோணும்னு கை அரிச்சுதுன்னா, ஒரே ஒரு எடம் சொல்றேன். லைன் ரோலர். நரம்பு தண்ணியிலருந்து வந்து வளைஞ்சு ஸ்பூலுக்குத் திரும்பற மூலையில ஒரு சின்ன உருளை இருக்குது பாரு, அதுதான். மீனோட பாரம் பூரா அந்த மூலையிலதான் திரும்புது. அது துருப்புடிச்சு நின்னு போச்சுன்னா நரம்பு அது மேல அறுபடும், முறுக்கும் ஏறும். பழைய ரீலு பாதிக்கு மேல அந்த உருளை செத்துத்தான் கெடக்கும். அங்க ஒரு சொட்டு எண்ணெய் உடு. சுத்தலேன்னா புதுசு மாத்து. பொடி பேரிங் போட்டாலும் தப்பில்ல. ஆனா பாரு, ஹேண்டில் குமிழுக்கு ரெண்டு பேரிங் போடறவன் அந்த உருளையத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. குமிழு அவன் கைக்குத் தெரியுது. உருளை மீனோட கைக்கில்ல தெரியுது!

அடுத்தது ஹேண்டில். பழைய ரீலுக்கு ஒரு முழத்துக்குக் கார்பன் ஹேண்டில். நுனியில எலந்தப்பழம் சைசுல இருந்த குமிழக் கழட்டிப்போட்டுப் பெரிய உருண்டை. "பவர் தாத்தா, பவர்!" ங்கறே. பவர் எங்கிருந்து வரும்? கை நீளமானாத் திருகற பலம் கூடும், சரி. அந்தப் பலத்தத் தாங்கறது யாரு? உள்ள இருக்கற பல்சக்கரம். உன்ற தாத்தன் காலத்துல, சின்ன மீனுக்குன்னு கணக்குப் போட்டு வெட்டுன பல்லு. நீ ஹேண்டில் ஒரு சுத்து சுத்துனா ரோட்டர் நாலஞ்சு சுத்து சுத்துது. அத்தன பாரமும் ரெண்டு மூணு பல்லு மேல. பல்லு உடைஞ்சா அதே பல்லுக்கு எங்க போவே? ஒரு சக்கரத்த மாத்தரம் புதுசாப் போட்டாலும் ஆகாது. வருசக்கணக்கா ஒன்னோட ஒன்னு ஒரசித் தேஞ்ச ஜோடி அது. ஒன்னு புதுசு, ஒன்னு பழசுன்னா கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு ரெண்டும் சீக்கிரம் போகும். பட்டறையில நாங்க கியர மாத்துனா ஜோடியாத்தான் மாத்துவோம்.

ஜப்பான்காரன் பண்றானேங்கறியா? பண்றான், இல்லேங்கலே. அங்க மலை ஓடையில டிரவுட் புடிக்கறவங்க அந்தக் கார்டினல் 33-ஐ உசுரா வெச்சிருக்காங்க. அதுக்குன்னே ஹேண்டிலு, ஸ்பூலுன்னு தனியாச் செஞ்சு விக்கறாங்க. ஆனா அவன் நிக்கற எடத்தப் பாரு. ஓடைக்கு எதிர்முகமா மேல வீசறான். தண்ணி அவனப் பாத்து வருது, தூண்டிலும் கூடவே வருது. சட்டுச் சட்டுன்னு சுத்தலேன்னா நரம்பு தொளதொளன்னு ஆயிப்போகும். அதனால கைக்குத் தோதா ஹேண்டில மாத்திக்கறான். அவனுக்கு ஒரு காரணம் இருக்குது. நீ தூசூர் ஏரியில, மைதா மாவ உருட்டிப் போட்டுட்டு, ஜிலேபிக் கெண்டை எப்ப வரும்னு பொழுது சாயற வரைக்கும் கொட்டாவி உடறே. உனக்கெதுக்குச் சாமி அந்த ஹேண்டிலு? கொட்டாவிய வேகமாச் சுத்தறதுக்கா?

அப்பறம் இந்தக் கலரு. கருப்பா இருந்த ரீலுக்குத் தங்க முலாம் திருகாணி. பச்சையா இருந்ததச் சொரண்டிப்போட்டு நீலம். பாரம் கொறையுதுன்னு ரோட்டர்ல ஓட்டை வேற. அந்த ரோட்டர் ஒருபக்கம் கனம் கூடாம சுத்தோணும்னு அந்தப் பட்டறைக்காரன் மண்டைய ஒடைச்சிருப்பான். நீ டிரில்லிங் மிஷின எடுத்து அஞ்சு நிமிசத்துல அவன் கணக்கக் கெடுத்துப்போட்டே. இப்பச் சுத்துனா ரீலு நடுங்குது. பொன்னூசின்னு கண்ணுல குத்திக்கலாமா?

அலங்காரமே கூடாதுன்னு நான் சொல்லலே. நாமக்கல்லு லாரியப் பாத்திருக்கறயில்ல? மயிலு வரைவோம், தாமரை வரைவோம், நெத்தியில குலசாமி பேரு எழுதுவோம். கேபின்ல குஞ்சம் தொங்கும். எல்லாத்துக்கும் கூலி வாங்கியிருக்கறேன். ஆனா ஒரு நாளும் பிரேக்கு மேல மயிலு வரைஞ்சதில்ல. நிக்கற பாகத்துல என்ன வேணா வரைஞ்சுக்கோ. ஓடற பாகத்துல விளையாடாதே. இந்த ஒரு ரோசன இருந்தா நீ ரீலுலயும் பொழைச்சுக்குவே, ரோட்டுலயும் பொழைச்சுக்குவே.

இன்னொரு கூத்து இருக்குது, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. பெய்ல் கம்பியக் கழட்டறது. வீசறதுக்கு முன்னாடி மடக்கித் தொறக்கறயே, அந்த வளைஞ்ச கம்பிய. அதப் பூராக் கழட்டிப்போட்டு, வெரல்லயே நரம்ப எடுத்து ரோலர் மேல வெக்கறது. இதுக்கு "அப்கிரேடு" ன்னு பேரு. காசும் தனி. அமெரிக்கால கடலோரப் பாறை மேல நின்னு பெரிய மீன் புடிக்கறவங்க அந்தப் பென் ரீலுல இப்படிச் செய்யறாங்க. அவங்க சொல்ற காரணமும் ஞாயமானதுதான். ஓங்கி வீசறப்பக் கம்பி தானா மூடிக்கிட்டா நரம்பு அறுந்து தூண்டில் கடலோட போகும். உப்புத்தண்ணியில கம்பியோட ஸ்பிரிங்கும் சீக்கிரம் போகும். இல்லாத கம்பி கெடாதில்ல?

ஆனா இதுல இருக்கற வேடிக்கையப் பாரு. 1905-ல அந்த நூல் ஆலைக்காரரு செஞ்ச ரீலுல பெய்ல் கம்பியே கெடையாது. வெரல்லதான் எடுத்து வெக்கோணும். அது சிரமம்னு, வருசம் போய்ப் பொறவு வந்த ஹார்டி கம்பெனிக்காரனும் மத்தவனும் மண்டையப் போட்டு ஒடைச்சு முழுக் கம்பி வெச்சாங்க. இப்ப நீ காசு குடுத்து அதக் கழட்டறே. ஒரு நூறு வருசம் நடந்து போய், பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேந்து, முன்னேறிட்டேங்கறே. பேசாம ஆரம்பத்துலயே கெழவனக் கேட்டிருந்தா, மூங்கில் குச்சியும் நரம்பும் குடுத்திருப்பேன். அதுலயும் பெய்ல் கெடையாது, பேரிங்கும் கெடையாது. எடையும் கம்மி.

சரி, கிண்டலு போதும். கெழவன் நக்கலடிப்பானே ஒழிய நல்லது சொல்ல மாட்டான்னு பேரு வேண்டாம். பழைய ரீலு கையில கெடைச்சா என்ன செய்யோணும்னு சொல்றேன், காதக் குடு.

மொதல்ல கழுவு. உள்ள இருக்கற கிரீஸ் மெழுகாட்டம் இறுகிக் கெடக்கும். ரீலு முனகுதுன்னு நீ பேரிங்குக்கு ஆர்டர் போடறே. அது முனகறது அந்த அழுக்குல. திருகாணி கழட்டறப்ப ஒவ்வொன்னுக்கும் ஒரு போட்டோ எடு. போன வெச்சு உருப்படியா ஒரு வேலை செஞ்சமாதிரியும் இருக்கும். கழட்டுனத வரிசையா எவர்சில்வர் தட்டுல வெய்யி. காயிதக் கனத்துல ஒரு வாஷர் இருக்கும், அதத் தொலைச்சே, ஆயுசுக்கும் ரீலு கரகரன்னுதான் ஓடும். பல்லு, தண்டு இதுகள சீமெண்ணெயில பழைய டூத்பிரஷ்ஷப் போட்டுத் தேய்ச்சுக் கழுவிக் காய வெய்யி. பிளாஸ்டிக் பாகத்துக்குச் சோப்புத் தண்ணி போதும். பல்லுக்கு மெல்லிசாக் கிரீசு. அள்ளி அப்பாதே. ரோலருக்கும் ஹேண்டில் குமிழுக்கும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். தேங்காண்ணெய் மாத்தரம் உட்றாதே. கீழ நல்லாத்தான் ஓடும். மார்கழியில மலை மேல கொண்டு போனா எண்ணெய் உறைஞ்சு ரீலு நின்னு போகும். அப்பறம் மலைத் தெய்வம் கொல்லிப்பாவை புடிச்சு வெச்சுக்கிட்டான்னு கதை கட்டுவே.

ரெண்டாவது, பெய்ல் ஸ்பிரிங்கு. பழைய ரீலுல முதல்ல போறது அதுதான். சுருள் கம்பி, மடங்கி மடங்கி ஒரு நாள் பட்டுனு போகும். எந்நேரத்துல போகும்? மீன் கடிக்கற நேரத்துலதான். கெடைக்கறப்பவே ரெண்டு வாங்கி டப்பாவுல போட்டு வெய்யி. தங்கத் திருகாணி வாங்கற காசுல ஒரு டஜன் வாங்கலாம்.

மூணாவது, டிராக்கு. இதுக்குச் செலவு பண்ணு, நான் வாய் தொறக்க மாட்டேன். பெரிய மீன் இழுக்கறப்ப நரம்பு அறுகாம, ஸ்பூல் வழுக்கி உட்டுக் குடுக்கற ஏற்பாடுதானே டிராக்கு? பழசுல கம்பளி வட்டு இருக்கும், தோலு வட்டு இருக்கும். காஞ்சு போயிருந்தா மொதல்ல புடிச்சுக்கும், அப்பறம் வெடுக்குனு உடும். அந்த வெடுக்குலதான் நரம்பு போறது. கார்பன் வட்டு மாத்துனா வழுவழுன்னு உட்டுக் குடுக்கும். மாத்துனாப் போதுமா? முறுக்கற அளவு தெரியோணும். நரம்பு தாங்கற பாரத்துல மூணுல ஒரு பங்கு, இல்லேன்னா நாலுல ஒரு பங்கு. ஆறு கிலோ தாங்கற நரம்புன்னா ஒன்னரைலருந்து ரெண்டு கிலோவுக்கு டிராக்கு வழுக்கோணும். கொக்கித் தராசு ஒன்னு வாங்கி நரம்பு நுனியில மாட்டி இழுத்துப் பாரு. கைக்கணக்குல முறுக்காதே. உன்ற கைக்கு ஆத்திரம் ஜாஸ்தி. வேலை முடிஞ்சு ஊட்டுக்கு வந்தா டிராக்கத் தளத்தி வெய்யி. வட்டு நசுங்காம இருக்கும்.

நாலாவது, நரம்பு. 1990-கள்ல வந்த இந்தப் பின்னல் நரம்பு, பிரெய்டு, மெல்லிசு, பலம் ஜாஸ்தி, நல்ல சரக்குதான். ஆனா உன்ற பழைய ரீலு நைலான் நரம்புக்குன்னு செஞ்சது. வழுவழுப்பான ஸ்பூல்ல நேரா பிரெய்டச் சுத்துனா, மீன் இழுக்கறப்ப நரம்புக் கண்டு மொத்தமாச் சுத்திக்கிட்டுக் கெடக்கும். டிராக்கு ரிப்பேருன்னு நீ திரும்ப மெக்கானிக்கத் தேடுவே. அடியில கொஞ்சம் நைலான் சுத்திப்போட்டு அது மேல பிரெய்டக் கட்டு. முடிஞ்சுது ரிப்பேரு.

இவ்வளவுதான் கண்ணு. இந்த நாலும் செஞ்சா அந்த ரீலு உன்ற மகன் காலத்துக்கும் ஓடும். மிச்சமெல்லாம் சுண்டக்கா கால் பணம், சொமைகூலி முக்கால் பணம். ஜேடர்பாளையத்துல காவேரிக்கரையில மீன் வறுக்கறாங்களே, அந்தக் கடைக்காரனுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும். ரீலு வெலை ஏற ஏற, பொழுது சாயறப்ப அவங்கடையில வறுவல் வியாபாரமும் ஏறும். வெறுங்கையோட ஊட்டுக்குப் போக முடியுமா, போட்டோ வேற போட்டாச்சே?

இன்னொன்னு சொல்றேன், இதச் சிரிக்காமக் கேளு. 1946-ல மைசூர்ப் பக்கம் கபினி ஆத்துல வான் இங்கென்னு ஒருத்தரு ஒரு மகசீர் மீனத் தூண்டில்ல புடிச்சாரு. 120 பவுண்டு. நம்ம கணக்குல 54 கிலோ. ஒரு மூட்டை அரிசிய விடக் கனம். அன்னைக்குக் கார்பன் வட்டு கெடையாது, செராமிக் பேரிங்கு கெடையாது, பிரெய்டு கெடையாது. அந்தக் கபினி காவேரியில கலக்குது. அந்தத் தண்ணிதான் மேட்டூர் தாண்டி நம்ம ஜேடர்பாளையத்துக்கும் மோகனூருக்கும் வருது. இன்னைக்கு அந்தத் தண்ணியில அப்படியொரு மீனக் காட்டு பாக்கலாம்? காவேரியோட அந்தக் கூன்முதுகு மகசீர, 2018-ல, அழியற கட்டத்துல கடைசிப் படியில இருக்குதுன்னு உலகப் பட்டியல்ல எழுதிப்போட்டாங்க. அணை கட்டுனோம், வெடி வெச்சுப் புடிச்சோம், மணல அள்ளுனோம். ரீலு வருசா வருசம் ஒசந்துக்கிட்டே போகுது. மீனு வருசா வருசம் கொறைஞ்சுக்கிட்டே போகுது. இதுல எத அப்கிரேடு பண்ணோணும்னு உனக்கே தெரியோணும்.

அதனால ரெண்டு புத்தி. ஏரியில வீசறதுக்கு முன்னாடி குத்தகைக்காரரக் கேட்டுக்கோ. அவரு ஏலத்துல பணங்கட்டிக் குஞ்சு உட்டிருக்காரு. நீ மிச்செல் 300 வெச்சிருக்கறேன்னு அவரு எந்திரிச்சு நிக்க மாட்டாரு. மலை மேல அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஓடையில மீனு துள்ளுதுன்னு பையத் தொறக்காதே. அறுத்து, கொழம்புல போட்ட மீனே உசுரோட எந்திரிச்சு ஆத்துக்கு ஓடுச்சுன்னு கதை இருக்கற எடம் அது. சனம் அதுக்கு இரை போடுமே தவிர முள்ளப் போடாது. உன்ற ரீலுக்கு எத்தன பேரிங்னு சொல்லி அந்தச் சாமிகிட்டத் தப்பிக்க முடியாது. ஊருக்காரங்ககிட்டத் தப்பிக்கறது அத விடக் கஷ்டம்.

தீர்ப்புச் சொல்லட்டுமா? கெட்டத மாத்து. தேஞ்சதத் தேடி வாங்கு. நல்லா ஓடறதுல கை வெக்காதே. அந்தப் பழைய பெயிண்டு உதுந்திருந்தா உதுந்துட்டுப் போகட்டும். உன்ற தாத்தன் வயசுல ஒருத்தன் எங்கியோ அதப் புடிச்சு மீன் இழுத்த தடம் அது. அதச் சொரண்டறதுக்கு நீ காசு குடுக்காதே.

அப்பறம், மீனு பாக்கறது முள்ளு, இரை, கூடப்போனா நரம்பு. ரீலு கரையில இருக்குது, மீனுக்கு அது தெரியவே தெரியாது. அதனால காலையில கெளம்பறதுக்கு முன்னாடி ரீலப் பளபளன்னு தொடைக்கறத உட்டுப்போட்டு, தூண்டில் முள்ள எடுத்து உன்ற கட்டவெரல் நகத்து மேல மெல்ல இழுத்துப் பாரு. வழுக்குச்சுன்னா அரம் வெச்சுத் தீட்டு. கீறுச்சுன்னாக் கெளம்பு.